காரணமும் சாக்கும்

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஏலகிரி என்னும் மலை உள்ளது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், பதினான்கு சிற்றூர்களைத் தன்மேல் தாங்கி, அஃது அமைதியாக விளங்குகின்றது. முன்னர் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இம்மலை, 2019ஆம் ஆண்டில் அம்மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது திருப்பத்தூர் மாவட்டத்திற்கு உரியதாயிற்று. மலையடியில் உள்ள பொன்னேரியிலிருந்து மேலேறும் சாலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் அவ்வளைவுகளுக்குச் சூட்டியிருக்கின்றனர். புலமையையும் கொடையையும் எண்ணிக்கொண்டே ஏறலாம், இறங்கலாம். ஆனால் விரைந்து செல்ல இயலாது. மேலேறும் வண்டிக்கு, இறங்கும் வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலையின் முறை.

அம்மலைமேல் அத்தனாவூரில் யான் ஓய்வு பெற்ற நாட்களைக் கழித்து வருகின்றேன். தமிழாசிரியனாய் இருந்தவனைத் தேடி ஊரார் வருவது பெரும்பாலும் ஒரு வேலைக்காகவே. அது விண்ணப்பம் எழுதுதல். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்று என்று எத்தனையோ விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்திருக்கின்றேன். அவற்றுள் ஒன்றைப் பற்றியே இப்பாடத்தில் கூற விரும்புகின்றேன்.

ஒருநாள் மாலை, என்னிடம் முன்னர்ப் பயின்ற மாணாக்கர் ஒருவர் வந்தார். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதி தோல் பதனிடுதற்கும் காலணி செய்தற்கும் பெயர் பெற்றது. அங்குள்ள தொழிற்கூடங்களுக்குச் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பெண்கள் நாள்தோறும் வேலைக்குச் செல்கின்றனர். அவர்களை விடியற்காலையில் ஏற்றிச் சென்று மாலையில் கொண்டுவந்து சேர்க்கும் வேன் ஒன்றை ஓட்டுவது அவருடைய தொழில். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. முகத்தில் கவலை இருந்தது.

“ஐயா, என் ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதத்திற்கு ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று கேட்டு எழுதியிருக்கின்றார்கள். தாங்கள்தாம் நல்ல பதில் ஒன்று எழுதித் தரவேண்டும்” என்றார்.

தாளை வாங்கிப் படித்தேன். அவர் வேனில் அன்று. தம் மைத்துனருடைய காரில், திருப்பத்தூர்ச் சாலையில், ஒரு பள்ளிக்கு முன்னால், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படாது செல்ல வேண்டிய இடத்தில் 62 கிலோமீட்டர் வேகத்தில் சென்றிருக்கின்றார். காவலர் வைத்திருந்த வேகம் அளக்கும் கருவி அதைப் படத்தோடு பதிவு செய்திருக்கின்றது. நேரம் காலை 8.40.

“என்ன நடந்தது, தம்பி?” என்று கேட்டேன்.

“அப்பாவுக்குக் குடலிறக்கம் முற்றிவிட்டது, ஐயா. அறுவை செய்ய வேண்டியிருந்தது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோன அவசரத்தில் இப்படி நேர்ந்துவிட்டது என்று எழுதுங்கள். வேகத்தைக் காட்டும் பலகையைப் புளியமரக் கிளை மறைத்திருந்தது என்றும் எழுதுங்கள். எனக்கு முன்னே போன வண்டிகள் என்னைவிட விரைவாகப் போயின என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.”

எழுதுகோலைக் கையில் எடுத்தேன். ஆனால் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதைக் கூறுமுன், இவ்வகை வழக்கில் சட்டம் கூறுவது யாது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று.

சாலை வேகத்திற்கு எல்லை வகுத்தல் புதிய வழக்கம் அன்று. இங்கிலாந்து நாட்டில் கெண்ட் என்னும் பகுதியில், 1896ஆம் ஆண்டு சனவரித் திங்களில், வால்ட்டர் ஆர்னால்டு என்பவர் மோட்டார் வண்டியில் மணிக்கு 8 மைல் வேகத்தில் சென்றார். அங்கு அந்நாளில் எல்லை 2 மைல். காவலர் ஒருவர் மிதிவண்டியில் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். வேகக் குற்றத்திற்காகத் தண்டம் செலுத்திய முதல் மோட்டார் ஓட்டுநர் என்று அவரைக் கூறுவர். இன்று 8 மைல் என்பது நமக்கு நகைப்பைத் தரும். ஆயினும் எல்லை மாறியதே அன்றி, எல்லை வேண்டும் என்னும் எண்ணம் மாறவில்லை.

நம் நாட்டில் இப்பொழுது நடைமுறையில் இருப்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அது 2019ஆம் ஆண்டில் திருத்தப்பெற்றது. அதன் 183ஆம் பிரிவின்படி, இலகுரக வண்டியை எல்லை மீறிய வேகத்தில் ஓட்டுவோர்க்கு 1,000 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. பணத்தோடு செய்தி முடிவதில்லை. 2015ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு, வேக எல்லையை மீறுவோரின் உரிமத்தை மூன்று மாதத்திற்குக் குறையாமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. வண்டி ஓட்டிப் பிழைப்பவர்க்கு மூன்று மாதம் என்பது மூன்று மாதச் சோறு. என் மாணாக்கரின் கவலை வெறுங்கவலை அன்று.

எனினும் சட்டம் ஒருவனைக் கேளாமலே ஒறுப்பதில்லை. உரிமத்தை நிறுத்துமுன் அவன் கூற்றைக் கேட்க வேண்டும். முடிவுக்குரிய காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அம்முடிவு தவறெனக் கருதினால் முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இவை 19ஆம் பிரிவில் கூறப்பட்டுள்ளன. ஆகவே, குற்றச்சாட்டுப் பெற்றவனுக்குப் பேச இடம் உண்டு. அவ்விடத்தில் அவன் பேச வேண்டியது யாது என்பதே வினா.

இவ்வினாவுக்கு மூன்று வழிகள் உள்ளன. முதல் வழி, குற்றமே இல்லை என்று மறுத்து வழக்காடுதல். படத்தில் இருப்பது தன் வண்டி அன்று எனினும், எண் தவறாகப் படிக்கப்பட்டது எனினும், எல்லையை அறிவிக்கும் பலகையே அவ்விடத்தில் இல்லை எனினும், மறுத்தல் முறையே. வேகக் கருவி எதுவும் இல்லாமல், ஒரு சாட்சி தம் கண் மதிப்பால் மட்டும் கூறும் வேகத்தைக் கொண்டு ஒருவனைத் தண்டித்தல் கூடாது என்று சட்டமே விதித்திருக்கின்றது. செய்யாத குற்றத்திற்கு அஞ்சிப் பணம் கட்டுவது பணிவு ஆகாது. அது பொய்க்குத் துணை போவதாகும்.

இரண்டாம் வழி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டத்தைச் செலுத்தி, வாய் பேசாது செல்லுதல். நீதிமன்ற அழைப்பு வந்தவிடத்தும், குற்றத்தை ஒப்புக்கொண்டு அஞ்சல் பணவிடை வாயிலாகத் தொகையை அனுப்ப 208ஆம் பிரிவு இடம் தருகின்றது.

மூன்றாம் வழி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, அது நேர்ந்த சூழ்நிலையை எடுத்துக் கூறி, ஒறுப்பைக் குறைக்குமாறு வேண்டுதல். இம்மூன்றாம் வழியே என் மாணாக்கர் நாடியது. மூன்றனுள் மிகக் கடினமானதும் இதுவே. ஏனெனின், சூழ்நிலையைக் கூறத் தொடங்கும் நா, உள்ளதைக் கூறி முடிந்தபின்னும் நிற்பதில்லை.

யான் அவரிடம் சில வினாக்களை வினவினேன்.

“அப்பாவைக் கொண்டுபோனபோது மலையிலிருந்து எப்படி இறங்கினாய்?”

“மெதுவாகத்தான், ஐயா. ஒவ்வொரு வளைவிலும் வலி தாங்காமல் முனகினார். மாட்டு வண்டி போலத்தான் ஓட்டினேன்.”

“அது எப்பொழுது?”

அவர் சற்றுத் தயங்கினார். “முதல்நாள் இரவு” என்றார்.

பின்னர் முழுச் செய்தியும் வெளிப்பட்டது. தந்தையை இரவே மருத்துவமனையில் சேர்த்துவிட்டார். தாய் உடன் இருந்தார். மறுநாட்காலை மாற்றுடையும் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் எடுத்துவர மலைக்குத் திரும்பினார். அப்பொழுது மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. அறுவை செய்ய இசைவுக் கையொப்பம் வேண்டும். உடனே வருக என்றனர். அஞ்சி விரைந்தார். பள்ளிக்கு முன்னால் கருவியில் சிக்கியபோது வண்டியில் அவர் ஒருவரே இருந்தார்.

“அப்பா வண்டியில் இருந்தார் என்று எழுதினால் யாருக்கு என்ன கேடு, ஐயா? நோய் உண்மை; அறுவை உண்மை; அவசரமும் உண்மை. ஓர் இரவைத்தானே மாற்றுகின்றோம்?” என்று அவர் கேட்டார்.

மாணவர்களே, உண்மையை மறையாது உரைக்கின்றேன். யானும் ஒரு கணம் தடுமாறினேன். அவர் நல்லவர், உழைப்பாளி. அவருடைய வேனில் செல்லும் பெண்கள் அவரைத் தம் உடன்பிறந்தாரைப் போல நம்புகின்றனர். நாற்பதாண்டுகள் தமிழ் கற்பித்த கைக்கு, ஓர் இரவைக் காலையாக மாற்றி நம்பும்படி எழுதுதல் அரிய செயல் அன்று. அவ்வாறு எழுதும் திறமையே என்னை அச்சுறுத்தியது. எழுதுகோலைக் கீழே வைத்தேன்.

“தம்பி, நாளைக் காலை அவ்விடத்தைப் பார்த்துவிட்டு வருவோம். புளியங்கிளை எவ்வளவு மறைக்கின்றது என்று கண்டால்தானே எழுத முடியும்?” என்றேன்.

மறுநாட்காலை 8.30 மணிக்கு அப்பள்ளியின் முன்னால் நின்றோம். சாலையோரத்தில் புளியமரம் இருந்தது. ஆனால் அதன் கிளை பலகைக்கு மேலே நெடுந்தொலைவில் இருந்தது. சிவப்பு வட்டத்துள் 40 என்னும் எண் தெளிவாகத் தெரிந்தது. என் மாணாக்கர் அதை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

பிள்ளைகள் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தனர். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் தம்பியின் கையைப் பற்றிக்கொண்டு சாலையோரம் நின்றாள். ஒரு பேருந்து சென்றது. இரு பக்கமும் பார்த்தாள், நடக்கத் தொடங்கினாள். சாலையின் நடுவில் சிறுவனின் செருப்பு ஒன்று கழன்றது. அவன் கையை விடுவித்துக்கொண்டு அதை எடுக்கக் குனிந்தான். நல்லவேளை, அப்பொழுது வண்டி எதுவும் வரவில்லை. அச்சிறுமி அவனை இழுத்துக்கொண்டு மறுபுறம் சேர்ந்தாள்.

யான் என் குறிப்பேட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். மாணவர்களும் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் செல்கின்றது. 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் செல்கின்றது. இடையூற்றைக் கண்டு கால் தடையை மிதிப்பதற்கு ஒரு நொடி ஆகும் எனக் கொள்வோம். மிதித்தபின்னும் வண்டி உடனே நில்லாது. உலர்ந்த நல்ல தார்ச்சாலையில், 40 வேகத்தில் வந்தது ஏறத்தாழ 9 மீட்டர் சென்று நிற்கும்; 60 வேகத்தில் வந்தது ஏறத்தாழ 20 மீட்டர் சென்றே நிற்கும். வேகம் ஒன்றரை மடங்கானால், தடையை மிதித்தபின் செல்லும் தொலைவு இரண்டேகால் மடங்காகின்றது. ஆக, முன்னது மொத்தம் 20 மீட்டரில் நிற்கின்றது. பின்னது 37 மீட்டரில் நிற்கின்றது.

இனி, 20 மீட்டருக்கு அப்பால் அச்சிறுவன் குனிந்து நிற்கின்றான் என்று எண்ணுங்கள். 40 வேகத்தில் வந்த வண்டி அவனைத் தொடாமல் நின்றுவிடும். 60 வேகத்தில் வந்த வண்டியோ, அவனை அடையும்போது ஏறத்தாழ 55 வேகத்தில் சென்றுகொண்டிருக்கும்.

இவ்வேகத்தால் கிடைத்த ஊதியம் யாது? பள்ளியை ஒட்டிய அரைக் கிலோமீட்டர்த் தொலைவை 40 வேகத்தில் கடக்க 45 நொடி ஆகும். 60 வேகத்தில் கடக்க 30 நொடி ஆகும். மிஞ்சியது பதினைந்து நொடி.

“பதினைந்து நொடியா, ஐயா!” என்றார் அவர். அவருடைய பார்வை அச்சிறுமி சென்ற பள்ளி வாயிலிலேயே நின்றது.

மலைக்குத் திரும்பும் வழியில், அவரும் பள்ளியில் கேட்டறிந்த பழைய வரலாறு ஒன்றை நினைவூட்டினேன். திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் தேரேறிச் சென்றபோது, பசுவின் கன்று ஒன்று சக்கரத்தில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. அவ்வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. இளவரசன் கன்றைக் கொல்ல எண்ணியவன் அல்லன். கன்று தானே துள்ளி வந்து புகுந்தது. அமைச்சர்கள் அதனை எடுத்துரைத்து, கழுவாய் செய்தால் போதும் என்றனர். அவர்கள் கூறியது பொய் அன்று. ஒறுப்பைக் குறைத்தற்குரிய உண்மையான சூழ்நிலையே. ஆயினும் மன்னன், பிறர் மகனாயின் இவ்வாறு எண்ணுவோமா என்று தன்னையே வினவிக்கொண்டான். தன் மகன்மேல் தானே தேரைச் செலுத்தினான். இறைவன் அருளால் கன்றும் மகனும் உயிர் பெற்றனர் என்பது புராணம். மனுநீதிச் சோழனின் சிலை சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கின்றது.

அவ்வரலாற்றில் மன்னனின் கடுமையையே நாம் பெரிதாக எண்ணுகின்றோம். இளவரசன் நடந்துகொண்ட முறையை எண்ணுவதில்லை. கன்று தானே வந்து விழுந்தது என்று அவன் தப்ப முயலவில்லை. செய்தி மன்னனை எட்டுமுன்னரே, இதற்குக் கழுவாய் யாது என்று வருந்தித் தேடினான். சூழ்நிலையை எடுத்துக் கூறியவர்கள் அமைச்சர்கள். அதற்கு எடை வைத்தவன் மன்னன். குற்றம் நேர்ந்தவன் தனக்குத் தானே எடை போட்டுக்கொள்ளவில்லை.

நடுவர் எப்பொழுதும் கடுமையாகவே இருப்பார் என்று இதனால் கொள்ளுதல் கூடாது. அமெரிக்க நாட்டில் பிராவிடன்சு என்னும் நகரில், பிராங்க் காப்ரியோ என்பவர் 1985 முதல் 2023 வரை நகர நீதிமன்றத்தில் நடுவராய் இருந்தார். 2025ஆம் ஆண்டில் அவர் காலமானார். பள்ளிப் பகுதியில் எல்லை மீறி வண்டி ஓட்டியதாக, 96 வயது முதியவர் ஒருவர் அவர்முன் நின்றார். தாம் மெதுவாக ஓட்டுபவர் என்றும், வேண்டியபொழுது மட்டுமே வண்டியை எடுப்பவர் என்றும் அம்முதியவர் கூறினார். புற்றுநோயால் வருந்தும் தம் 63 வயது மகனைக் குருதிச் சோதனைக்கு அழைத்துச் சென்றதையும் தெரிவித்தார். நடுவர் அவருடைய அன்பைப் பாராட்டி வழக்கைத் தள்ளினார். அக்காட்சியை உலகெங்கும் பலர் கண்டு உள்ளம் உருகினர்.

சோழ மன்னன் சூழ்நிலையைக் கேட்டும் இரங்கவில்லை; அமெரிக்க நடுவர் கேட்டு இரங்கினார். இரக்கமும் கடுமையும் நடுவருக்கு உரியவை. குற்றம் செய்தவனுக்கு உரியது ஒன்றே. நடந்ததை நடந்தவாறு அவர்முன் வைத்தல். அதைக் கூட்டினாலும் குறைத்தாலும், நடுவரின் துலாக்கோலில் நாம் திருட்டுத்தனமாகக் கை வைத்தவர் ஆகின்றோம்.

ஒருவர் உயிரைக் காக்கும் பொருட்டு விதியை மீற நேர்ந்தால் சட்டம் அதைக் கருதாதா என்று மாணவர் கேட்கலாம். கருதும். 2024ஆம் ஆண்டு சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 19ஆம் பிரிவும், அதற்கு முன்பிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 81ஆம் பிரிவும் இதற்கு இடம் தருகின்றன. தீய எண்ணமின்றி, வேறொரு தீங்கைத் தடுக்கும் பொருட்டு நன்னம்பிக்கையோடு செய்த செயல் குற்றமாகாது என்பது அவற்றின் கருத்து. ஆனால் தடுக்க எண்ணிய தீங்கு, அத்தகைய இடரை மேற்கொள்ளத் தக்க அளவுக்கு நெருங்கி நின்றதா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் ஆராய வேண்டும். என் மாணாக்கரின் தந்தையார் அப்பொழுது மருத்துவர் கையில் இருந்தார். தாயும் அருகில் இருந்தார். பதினைந்து நொடி அவரைக் காத்திருக்காது.

அன்று மாலை மீண்டும் எழுத அமர்ந்தோம். புளியங்கிளையை அவரே நீக்கச் சொன்னார். பிற வண்டிகள் விரைந்தன என்பதையும் நீக்கினோம். பிறர் குற்றம் நம் குற்றத்தைக் குறைப்பதில்லை. தந்தை வண்டியில் இருந்தார் என்பதே எஞ்சி நின்றது. அவர் மௌனமாய் இருந்தார். யான் கூறினேன்:

“தம்பி, நாளை ஒருவன் உண்மையாகவே மூச்சுத் திணறும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அச்சாலையில் வருவான். அவனுக்கும் இதே அறிவிப்பு வரும். அவன் எழுதும் விண்ணப்பத்தை அலுவலர் படிக்கும்போது, ‘எல்லோரும் இப்படித்தான் எழுதுகின்றார்கள்’ என்று ஒதுக்கிவிட்டால், அதற்குக் காரணம் யார்? நாம் எழுதிய பொய்தானே? உண்மையான துன்பத்திற்குரிய இரக்கத்தை நாம் முன்னரே எடுத்துச் செலவழித்துவிட்டோம் என்று பொருள்.”

அவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “நடந்ததையே எழுதுங்கள், ஐயா” என்றார். எழுதிய விண்ணப்பம் இது:

“மதிப்பிற்குரிய ஐயா, அறிவிப்பில் கண்ட நாளில், காலை 8.40 மணிக்கு, பள்ளிக்கு முன்னால் 62 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவன் யானே. அவ்விடத்து எல்லை 40 என்பதைப் பலகை தெளிவாகக் காட்டுகின்றது. முதல்நாள் இரவு என் தந்தையார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். அறுவைக்கு இசைவுக் கையொப்பம் இட உடனே வருமாறு அன்று காலை எனக்குத் தொலைபேசி வந்தது. அந்த அச்சத்தில் விரைந்தேன். வண்டியில் யான் ஒருவனே இருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் வரும் நேரத்தில் விரைந்தது தவறு என்பதை உணர்கின்றேன். தண்டத்தைச் செலுத்திவிட்டேன், அதன் சீட்டையும் மருத்துவமனைச் சீட்டையும் இணைத்துள்ளேன். பதினோராண்டுகளாக வண்டி ஓட்டுகின்றேன். இதற்கு முன்னர் என்மேல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. என் குடும்பம் என் உரிமத்தைக் கொண்டே வாழ்கின்றது. இவற்றைக் கருதி முடிவு செய்யுமாறு வேண்டுகின்றேன். தங்கள் முடிவுக்குக் கட்டுப்படுவேன்.”

இதனைப் படித்த அலுவலர் நிமிர்ந்து பார்த்து, “வண்டியில் வேறு யாரும் இல்லையா?” என்று மட்டும் கேட்டாராம். “இல்லை, ஐயா” என்று இவர் விடை கூறினார். உரிமம் மூன்று மாதத்திற்கு நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆம், மாணவர்களே. உண்மை கூறியதனால் ஒறுப்பு நீங்கவில்லை. உண்மை பேசினால் உடனே நன்மை விளையும் என்று கதைகள் கூறும். வாழ்க்கை எப்பொழுதும் அவ்வாறு அமைவதில்லை. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் உண்டு என்று அவரிடம் கூறினேன். “வேண்டாம், ஐயா. கேட்டார்கள், சொன்னேன், முடிவு சொன்னார்கள். அது போதும்” என்றார். அம்மூன்று மாதமும் அவர் தொழிற்கூடத்தில் காலணிப் பெட்டிகளைச் சுமந்து ஏற்றும் வேலை செய்தார். கூலி குறைவு. வீட்டில் இடர்ப்பட்டனர். தந்தையார் நலம் பெற்று மலைக்குத் திரும்பினார்.

இப்பொழுது அவர் மீண்டும் வேன் ஓட்டுகின்றார். சென்ற திங்கள் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை, அவருடன் ஒரு காரில் திருப்பத்தூர் சென்றேன். அப்பள்ளி பூட்டியிருந்தது, சாலையில் ஒருவரும் இல்லை. பலகையை அணுகியதும் வண்டியின் வேகம் 40க்குக் கீழே இறங்கியது. யான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் கூறவில்லை.

தமிழில் காரணம் என்றும் சாக்கு என்றும் இரு சொற்கள் உள்ளன. இரண்டும் ‘ஏன்’ என்னும் வினாவுக்கே விடையாய் வருகின்றன. காரணம், நடந்ததைப் பிறர் தெளிவாகக் காணும்படி விளக்கைத் தூண்டுகின்றது. சாக்கு, காண வேண்டியதைத் துணியால் மூடுகின்றது. தாமதமாய்ப் பள்ளிக்கு வரும்போதும், வீட்டுப்பாடம் முடியாதபோதும், பிறர் பொருளை உடைத்துவிட்டபோதும், நம் நாவில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வந்து நிற்கும். காரணத்தைக் கூற நமக்கு உரிமை உண்டு, அஞ்சாது கூறுக. அதற்கு மேல் ஒரு சொல் வரத் துடிக்குமாயின், அங்கே நிற்பதே அறம்.

பயிற்சி

1. ஏலகிரி மலைச்சாலையின் வளைவுகள் எவர் எவர் பெயர்களைப் பெற்றுள்ளன?
2. வேகக் குற்றச்சாட்டுப் பெற்ற ஒருவனுக்கு உரிய மூன்று வழிகள் யாவை? குற்றத்தை மறுத்து வழக்காடுதல் எப்பொழுது முறையாகும்?
3. மணிக்கு 40, 60 கிலோமீட்டர் வேகங்களில் செல்லும் வண்டிகள் நிற்கும் தொலைவை ஒப்பிட்டுக் காட்டுக.
4. சோழ மன்னன், அமெரிக்க நடுவர் ஆகிய இருவரின் முடிவுகளும் வேறுபடுகின்றன. அவற்றிலிருந்து ஆசிரியர் காட்டும் பொது உண்மை யாது?
5. பள்ளிக்குத் தாமதமாக வந்ததற்கு, சாக்குக் கலவாது காரணம் கூறி, தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.